மலை கட்டிய ஏரி

தமிழ்நாட்டிலே ஏரியில்லாத ஊர் அரிது. மழைக்காலத்துப் பெய்யும் நீரை வீணே கடலுக்குச் செல்லவிடாது, மண்ணாற் கரை எழுப்பித் தேக்கி, வேண்டும்பொழுது மதகு திறந்து வயலுக்குப் பாய்ச்சும் முறையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஏரிக்குக் கரை வேண்டும், மதகு வேண்டும், இவ்விரண்டினும் மேலாகக் கலிங்கு வேண்டும். கரையின் ஒரு பகுதியைக் கல்லாற் கட்டி, ஏனைய பகுதியினும் தாழ்வாக விட்டு, ஏரி நிரம்பிய பின்னர் மிகுந்த நீர் அதன் வழியே வழிந்தோடச் செய்வர். அதுவே கலிங்கு எனப்படும். கலிங்கில்லாத ஏரியில் நீர் மிகுந்தால் அது கரையின்மேல் ஏறி வழியும். வழியும் நீர் மண்ணைக் கரைக்கும். மாலையில் ஒரு சாண் அகலமாக இருந்த உடைப்பு, விடிவதற்குள் ஊரையே அடித்துச் செல்லும் வெள்ளமாகிவிடும். உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மக்கள் கையால் ஆக்கப்படாத நீர்நிலையைப் பொய்கை என்று வழங்குதல் பழைய உரையாசிரியர் மரபு. இக்காலத்தில் அவ்வேறுபாட்டை நாம் மறந்து, இயற்கை நீர்நிலையையும் ஏரி என்றே சொல்லிவருகிறோம். வழக்கு அவ்வாறாயினமையின் இப்பாடத்திலும் ஏரி என்றே கூறுவோம். இமயமலையின் நடுவே, மனிதர் கை படாமல், மலையே விழுந்து கரையாகி, தனக்கு வேண்டிய கலிங்கையும் தானே அமைத்துக்கொண்ட ஏரி ஒன்று உளது. அதன் பெயர் போக்சுண்டோ. அதன் கலிங்கு, 167 மீட்டர் உயரத்தினின்றும் இறங்கும் ஓர் அருவி. சென்று கண்டோர் எழுதிய நூல்களையும், நிலநூல் வல்லார் ஆய்ந்து கண்ட செய்திகளையும் துணையாகக் கொண்டு அங்கே சென்று வருவோம்.

நேபாள நாட்டின் வடமேற்கில், திபெத்தின் எல்லையை ஒட்டி, டோல்பா என்னும் மாவட்டம் உளது. பரப்பிற் பெரியது, மக்கள்தொகையிற் சிறியது. வடக்கே திபெத்தியப் பீடபூமியும், தெற்கே தௌளகிரி முதலிய பனிமலைகளும் அதனை அடைத்து நிற்கின்றன. தென்கடலிலிருந்து வரும் மழைமுகில்களைத் தௌளகிரித் தொடர் தடுத்துவிடுதலின், அம்மாவட்டத்தின் வடபகுதி மழை குன்றி வறண்டு கிடக்கும். இமயம் என்றவுடன் எங்கும் பசுமையும் பனியுமாகவே நாம் எண்ணுகிறோம். அம்மலைக்குப் பின்னே பாலை நிலம் போன்ற பகுதிகளும் உள்ளன என்பதை எண்ணுவதில்லை.

காத்மாண்டுவிலிருந்து டோல்பாவுக்கு நேரே செல்லுதல் எளிதன்று. முதலில் தெற்கே சமவெளியிலுள்ள நேபாள்கஞ்சு நகருக்கு வந்து, அங்கிருந்து சிறிய விமானம் ஒன்றில் ஜூபால் என்னும் மலையூரை அடைதல் வழக்கம். ஜூபால் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,475 மீட்டர் உயரத்தில் உளது. மலைச்சரிவின் ஒரு திட்டிலே அமைந்த குறுகிய ஓடுபாதை அது. பகற்பொழுது ஏற ஏறப் பள்ளத்தாக்குகளிற் காற்று வலுக்கும். ஆகவே விமானங்கள் விடியற்காலையிலேயே வந்து மீளும். முகில் மூடினால் அன்று விமானம் இல்லை. மறுநாளும் மூடினால் மறுநாளும் இல்லை. பயணிகள் நேபாள்கஞ்சிலே நாட்கணக்கிற் காத்திருத்தலும் உண்டு.

ஜூபாலுக்குக் கீழே தூலிபேரி என்னும் ஆறு ஓடுகின்றது. வடக்கிலிருந்து வந்து அதனோடு கூடும் சிற்றாறு சுலிகாடு. போக்சுண்டோ ஏரியிலிருந்து அருவியாய் இழிந்த நீரே சுலிகாடாக ஓடிவருகின்றது. எனவே ஏரிக்கு வழி தேடுவோர் எவரையும் கேட்க வேண்டுவதில்லை. அவ்வாற்றை எதிர்த்து நடந்தால் போதும். தூலிபேரி பின்னர்ப் பேரி ஆறாகிக் கர்ணாலியிற் கலக்கும். கர்ணாலி இந்தியாவிற் காகரா என்னும் பெயர் பெற்றுக் கங்கையை அடையும். அருவியில் விழும் ஒவ்வொரு துளியும் இறுதியில் வங்கக் கடலுக்கு வருவதே.

நடை ஏறக்குறைய மூன்று நாள். முதல்நாட் பாதை ஆற்றின் கரையோடு ஏறியும் இறங்கியும் செல்லும். பள்ளத்தாக்கு மிகக் குறுகியது. இருபுறமும் செங்குத்தான பாறைகள். மரப்பாலங்களாலும் தொங்குபாலங்களாலும் ஆற்றைப் பலமுறை கடக்க வேண்டும். ஆற்றின் ஓசை மிகுதியால் உடன்வருவோர் பேசுவது கேளாது. பைன் மரங்களும், தேவதாரு மரங்களும், உயரம் மிக மிகப் பூர்ச்ச மரங்களும் தோன்றும். முற்காலத்தில் வடநாட்டார் ஏடாகப் பயன்படுத்தியது இப்பூர்ச்ச மரத்தின் பட்டையே. நமக்குப் பனையோலை எத்தகையதோ, அவர்க்குப் பூர்ச்சப் பட்டை அத்தகையது.

மூன்று நாள் என்றதும், இளங்கால்களுக்கு ஒன்றரை நாள் போதாதோ என்று மாணவருட் சிலர் எண்ணக்கூடும். கால்கள் போதும்; மூச்சுப் போதாது. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைந்துகொண்டே செல்லும். போக்சுண்டோவின் உயரமாகிய 3,611 மீட்டரில், கடற்கரையில் உள்ள அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் நாம் பெறும் பிராணவாயுவும் அவ்வளவே குறையும். உடல் இக்குறைவுக்குப் பழகிக்கொள்ளும் ஆற்றல் உடையது. ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். விரைந்து ஏறுவோர்க்குத் தலைவலியும், குமட்டலும், உறக்கமின்மையும் உண்டாகும். இவற்றைப் பொருட்படுத்தாது மேலும் ஏறினால், நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே இறுதி நேரும். இதனை மலைநோய் என்பர். வலிமை மிக்க இளைஞரையும் இது விடுவதில்லை. வலிமையை நம்பி விரைபவர் அவரேயாதலின், அவரையே பெரிதும் பற்றும் எனினும் பிழையாகாது. 3,000 மீட்டருக்கு மேல் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உறங்கும் இடத்தை உயர்த்த வேண்டும் என்பது மருத்துவர் கூறும் நெறி. நோய் முற்றினால் தலையாய மருந்து ஒன்றுதான்: உடனே கீழே இறங்குதல்.

நேபாளத்திலேயே காத்மாண்டுவுக்கு வடக்கே கோசாயிங்குண்டம் என்னும் ஏரி 4,380 மீட்டர் உயரத்தில் உளது. நாம் ஆவணி அவிட்டம் கொண்டாடும் அதே முழுநிலா நாளிலே, அங்கே சிவபெருமானை எண்ணி ஆயிரக்கணக்கானோர் நீராடச் செல்கின்றனர். இரண்டு மூன்று நாட்களிலே அவ்வளவு உயரமும் ஏறிவிடுதலின், அடியாருட் பலர் மலைநோயால் துன்புறுதலை மருத்துவர்கள் அங்கேயே தங்கி ஆய்ந்து எழுதியுள்ளனர். பக்தியும் மூச்சுக்கு ஈடாவதில்லை போலும்!

மூன்றாம் நாள் பாதை ஆற்றை விட்டு விலகி, கொடிவழியாக மலைமேல் வளைந்து வளைந்து ஏறும். மர நிழல் இல்லை. காலடியிற் புழுதி எழும். ஏரியினும் உயர்ந்த ஒரு முகட்டின்மேல் ஏறிப் பின் இறங்கினாலன்றி ஏரியை அடைதல் இயலாது. அம்முகட்டை நெருங்கும்பொழுது எதிர்ப்புறத்தே அருவி தோன்றும்.

குற்றாலத்துப் பேரருவியைக் கண்டவர் உங்களிற் பலர் இருப்பர். அதன் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். போக்சுண்டோ அருவி அதனினும் இரண்டரை மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஆயினும் ஒரே வீழ்ச்சியாக அது விழுவதில்லை. குற்றாலத்தில் நீர் பொங்குமாங்கடலில் விழுந்து பொங்கி எழுவதைப் போல, இங்கும் இடையிடையே பாறைகளின்மேல் மோதி, உடைந்து, பிரிந்து, மீண்டும் கூடி, காடு அடர்ந்த பிளவினுள்ளே இறங்கி மறையும். அதன் அடியிலே நின்று நீராடுதல் கனவிலும் இயலாது. பள்ளத்தாக்கின் மறுபுறம் நின்று காண்பதே முடியும். அத்துணைத் தொலைவினும் முழக்கம் தெளிவாகக் கேட்கும்.

அருவியைக் கண்டவர் அதற்குமேல் என்ன உளது என்று எண்ணுவதற்குள்ளாகவே முகடு முடிந்து ஏரி தோன்றும். அதன் நிறத்தை எழுத முயன்றோர் பலர். நீலமணி என்றார் சிலர், மயிற்கழுத்து என்று நாம் சொல்லலாம். கரையருகே பசுமை கலந்தும், நடுவே கருநீலமாகவும் அது விளங்கும். வானத்தின் நிழலே அந்நிறம் என்பது முழு உண்மையன்று. கதிரவன் ஒளியிலுள்ள செந்நிறக் கதிர்களை நீர் தன்னுள் ஈர்த்துக்கொள்ளும். நீலக் கதிர்களே சிதறி மீண்டு நம் கண்ணை அடையும். நம் ஊர்க் குளங்களில் சேறும் பாசியும் கலந்திருத்தலின் இது தோன்றுவதில்லை. போக்சுண்டோவின் நீரோ மிகத் தெளிந்தது. ஆழமோ மிகப் பெரிது. காஞ்சிரோபாப் பனிமலைகளின் பக்கத்திலிருந்து உருகிவரும் நீரே அதனை நிரப்புகின்றது.

ஏரியின் பரப்பு ஏறத்தாழ 5 சதுர கிலோமீட்டர். மிகு ஆழம் 145 மீட்டர். கொள்ளளவு ஏறத்தாழ 40 கோடி கன மீட்டர். இவ்வெண்களைத் தனியே கூறினால் பொருள் விளங்காது. மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில் இருபதில் ஒரு பங்குகூட இவ்வேரி இல்லை. ஆனால் மேட்டூரில் தேங்கும் நீரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இதனுள் அடங்கும். பள்ளம் எத்தகையது என்பதை இதனால் அறியலாம்.

தென்கரையிலே ரிங்மோ என்னும் சிற்றூர். கல்லாலும் மண்ணாலும் கட்டிய தட்டைக்கூரை வீடுகள். கூரையின்மேல் விறகும் வைக்கோலும் அடுக்கியிருக்கும். சுற்றிலும் வாற்கோதுமையும் உருளைக்கிழங்கும் விளையும் சிறு வயல்கள். அவ்வூரார் திபெத்திய மொழியினத்தார். பௌத்தத்திற்கு முற்பட்ட வேர்களை உடையதாகக் கருதப்படும் போன் என்னும் சமயத்தைப் பின்பற்றுவோர். ஏரிக்கரையில் அவர்தம் மடம் ஒன்று உளது. நாம் கோயிலை வலம் வருவோம். பௌத்தரும் அவ்வாறே செய்வர். போன் சமயத்தாரோ இடம் வருவர். கற்களை அடுக்கி மந்திரங்களைப் பொறித்த மதில்களைக் கடக்கும்பொழுதும் அவை தமக்கு வலப்புறமாகாதவாறு, இடப்புறமாக இருக்கும்படியே நடப்பர். வழிப்போக்கர் இதனை அறிந்து அதற்கேற்ப ஒழுகுதல் நன்று.

இவ்வேரி தோன்றிய வரலாறாக அங்கே ஒரு கதை வழங்குகின்றது. பத்மசம்பவர் என்னும் பௌத்தப் பெரியார் துரத்த, ஓர் அரக்கி இவ்வழியே தப்பி ஓடினாளாம். தான் சென்ற வழியைச் சொல்லலாகாது என்று கேட்டு, ஊராருக்கு ஒரு நீலமணியைக் கையுறையாகக் கொடுத்தாளாம். பின்வந்த பத்மசம்பவர் அம்மணியைச் சாணமாக்கிவிட்டார். அரக்கி தம்மை வஞ்சித்தாள் என்று எண்ணிய ஊரார் அவள் சென்ற வழியைக் காட்டிக்கொடுத்தனர். அவள் சினந்து பெருவெள்ளத்தை எழுப்பி, அவ்வூரையே நீரில் ஆழ்த்திவிட்டாள். ஆழ்ந்த ஊரின்மேல் நிற்பதே இவ்வேரி என்பர். நம் நாட்டிலும் கபாடபுரத்தைக் கடல் கொண்டதென்னும் செய்தி வழிவழியாக வழங்கிவருதலை மாணவர் அறிவர். நீர் பெருகி ஊரைக் கொண்ட கதை உலகின் பல மொழிகளிலும் உண்டு. கதையை அப்படியே வரலாறாகக் கொள்ளுதலும் ஆகாது. கதைதானே என்று தள்ளுதலும் ஆகாது. மலைநாட்டார்க்கு நீரைப் பற்றிய அச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதே தக்கது.

நிலநூலார் கூறும் வரலாறு வேறு. ரிங்மோ ஊர் நிற்கும் இடத்தை அவர்கள் கூர்ந்து நோக்கினர். அது இயற்கையான பள்ளத்தாக்கின் தரை அன்று. உடைந்த பாறைகள் குவிந்து கிடக்கும் ஒரு பெருந்திரள். ஒரு காலத்தில் அருகிருந்த மலையின் பக்கம் ஒன்று அப்படியே பெயர்ந்து சரிந்து, பள்ளத்தாக்கின் குறுக்கே விழுந்து, ஆற்றை அடைத்துவிட்டது. அடைபட்ட ஆறு பின்னோக்கித் தேங்கி ஏரியாயிற்று. இது நிகழ்ந்தது இற்றைக்கு ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் என்பாரும், 30,000 ஆண்டுகளுக்கு மேல் என்பாரும் உளர். எவ்வாறாயினும் மனிதர் ஒருவரும் அதனைக் கண்டு எழுதிவைக்கவில்லை.

ஆனால் இத்தகைய நிகழ்ச்சியைக் கண்டு எழுதிவைத்தோர் பிற்காலத்தில் உண்டு. கார்வால் இமயத்திலே, அலகநந்தை ஆற்றோடு கூடும் பிரகி கங்கை என்னும் சிற்றாறு உளது. 1893 செப்டம்பரில், கோனா என்னும் ஊரின் அருகே, மலையின் ஒரு பக்கம் சரிந்து பிரகி கங்கையை அடைத்தது. குவிந்த அணையின் உயரம் ஏறத்தாழ 270 மீட்டர். அதன் பின்னே நீர் நாள்தோறும் ஏறிக்கொண்டே வந்தது. கீழேயோ பத்ரிநாதத்திற்குச் செல்லும் யாத்திரை வழி, சீநகர் முதலிய ஊர்கள், அரித்துவாரம். (இச்சீநகர் கார்வாலில் உள்ளது, காஷ்மீரத்தின் தலைநகரன்று.)

அக்காலத்துப் பொதுப்பணிப் பொறியாளர்கள் அவ்விடத்தை அளந்து, நீர் எந்நாளில் அணையின் உச்சியை எட்டும் என்று கணக்கிட்டனர். 1894 ஆகஸ்டு நடுவில் என்று கணக்கு வந்தது. அணையை உடைத்து நீரை வடிப்பது மனித முயற்சியால் இயலாது. கலிங்கு வெட்டவும் வழியில்லை. எனவே அணையைக் காப்பதை விட்டு மக்களைக் காப்பதையே அவர்கள் மேற்கொண்டனர். ஏரிக்கரையிலிருந்து கீழேயுள்ள ஊர்களுக்கெல்லாம் தந்திக் கம்பி இழுத்தனர். பள்ளத்தாக்கின் சரிவுகளிலே, வெள்ளம் எதுவரை ஏறக்கூடும் என்று மதிப்பிட்டு, அந்த எல்லையைக் கல் நட்டுக் காட்டினர். அதற்குக் கீழே எவரும் தங்கலாகாது என்று ஆணை பிறந்தது. தொங்குபாலங்களைக் கழற்றி எடுத்துவைத்தனர். யாத்திரிகரை வேறு வழியே செலுத்தினர். லெப்டினன்ட் குரூக்சாங்கு என்னும் படைப் பொறியாளர் ஏரியருகே தங்கி, நீர் ஏறும் அளவைக் கீழே அறிவித்துவந்தார்.

ஆகஸ்டு 25-ஆம் நாட் காலையில் நீர் அணையின்மேல் வழியத் தொடங்கிற்று. அன்று நள்ளிரவை ஒட்டி அணையின் மேற்பகுதி உடைந்தது. மழையும் மூடுபனியும் கவிந்த அவ்விரவில், வெள்ளம் வரும் செய்தி அதனினும் விரைவாகத் தந்தியிற் சென்றது. சீநகர் நகரம் அழிந்தது. பழைய அரண்மனையும் அழிந்தது. பாலங்கள் இருந்த இடம் தெரியாமல் மறைந்தன. ஆனால் உயிரிழந்தோர் ஐவரே. அவ்வைவரும் ஒரு பக்கிரியும் அவர் குடும்பத்தாரும். அவர்களை முன்னமே அவ்விடத்தினின்றும் வலிந்து வெளியேற்றியிருந்தனர். அவர்களோ மீண்டும் திரும்பிச் சென்று தங்கிவிட்டனர். எஞ்சிய பகுதி சிறிய ஏரியாய்ப் பல ஆண்டுகள் நின்றது. 1970 ஜூலையில் பெருமழையால் அலகநந்தையிற் பெருவெள்ளம் எழுந்தபொழுது அதுவும் மண் நிரம்பி மறைந்தது.

அறுபது எழுபது ஆண்டுக் கல்வியையும் அனுபவத்தையும் கொண்டு நோக்கினும், ஆற்றலுடையோர் தம் ஆற்றலின் எல்லையை முன்னதாகவே அறிந்து செயற்பட்ட நிகழ்ச்சிகள் வரலாற்றில் மிகச் சிலவே என்று எனக்குத் தோன்றுகிறது. கோனா ஏரி அவற்றுள் ஒன்று.

நம் காலத்திலும் இது நிகழ்ந்துளது. பாகிஸ்தானின் வடகோடியிலுள்ள ஹன்சாப் பள்ளத்தாக்கில், 2010 ஜனவரி 4-ஆம் நாள் அட்டாபாத் என்னும் ஊரில் மலை சரிந்து ஹன்சா ஆற்றை அடைத்தது. ஏறத்தாழ இருபதின்மர் மண்ணில் புதைந்து இறந்தனர். தேங்கிய நீர் இருபது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, வீடுகளையும் தோட்டங்களையும் காரகோரம் நெடுஞ்சாலையையும் மூழ்கடித்தது. அங்கே பொறியாளர்கள் அணையின்மேல் ஒரு கால்வாய் வெட்டினர். அவ்வாண்டு மே மாத இறுதியில் நீர் அதன் வழியே வழிந்தது. அது கலிங்கன்றி வேறென்ன? கரை உடையவில்லை, ஏரி நிலைத்துவிட்டது. ஊரை இழந்தவர்க்கு அந்நீலநீர் என்றும் துயரமே. தொலைவிலிருந்து வருவோர்க்கோ அஃது ஓர் அழகிய காட்சி.

மலைச்சரிவால் தோன்றும் ஏரிகளுட் பெரும்பாலன நாட்கணக்கிலோ மாதக்கணக்கிலோ அழிந்துவிடுகின்றன. போக்சுண்டோ மட்டும் பல்லாயிரம் ஆண்டு நின்றது எவ்வாறு? அதன் கரையின் பருமனே முதற்காரணம். ஓர் ஊரும் அதன் வயல்களும் மேலே அமைந்து வாழும் அளவுக்கு அகன்ற கரை அது. பெரும்பாறைகள் செறிந்த அத்திரளை வழிந்தோடும் நீர் எளிதிற் கரைத்துக்கொண்டு போக இயலவில்லை. கரையின் தாழ்ந்த விளிம்பிலே நீர் தனக்கு ஒரு வழி கண்டு, அதன் வழியே அளவாக வெளியேறி, அருவியாக இறங்கிற்று. வரும் நீரும் போகும் நீரும் ஒத்துநிற்றலின் ஏரி பெருகுவதுமில்லை, வற்றுவதுமில்லை.

எனினும் அருவி ஏரிக்குக் காவல் மட்டுமன்று. விழும் நீர் தான் விழும் இடத்தை அரித்துக்கொண்டே இருக்கும். வட அமெரிக்காவிலுள்ள நயாகரா அருவி ஏறத்தாழ 12,000 ஆண்டுகளில் 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கின்றது. போக்சுண்டோ அருவியும் தன் கரையை உண்டுதான் விழுகின்றது. பாறையின் வன்மையால் உண்ணும் வேகம் குறைவு. வடக்கிலிருந்து வரும் ஓடைகளும் கல்லையும் மணலையும் கொணர்ந்து ஏரியின் அடியை மேடாக்கிவருகின்றன. கரை தேய்ந்தாலும் அழிவு. அடி தூர்ந்தாலும் அழிவு. நம் ஊர் ஏரிக்குத் தூர் எடுப்பார் உண்டு, இதற்கு எவருமில்லை.

ரிங்மோவிலிருந்து வடக்கே செல்லும் வழி ஏரியின் மேற்குக்கரைப் பாறையை ஒட்டியது. பாறையிற் செதுக்கியும், மரக்கட்டைகளைச் செருகிக் கற்களைப் பரப்பியும் அமைத்த ஒற்றையடிப் பாதை. ஒருபுறம் செங்குத்தான மலை. மறுபுறம் நேர்கீழே நீர். சுமை ஏற்றிய விலங்குகள் இவ்வழியே செல்லும் காட்சி, டோல்பா மக்களையே நடிகராகக் கொண்டு எரிக் வல்லி என்னும் பிரெஞ்சுக்காரர் 1999-இல் வெளியிட்ட திரைப்படம் ஒன்றிலே இடம்பெற்று உலகெங்கும் அறியப்பட்டது.

அவ்விலங்கைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் யாக் என்று வழங்கும் அச்சடைமயிர் மாட்டையே நம் முன்னோர் கவரி என்றனர். திருக்குறளில் வரும் கவரிமாவை மானென்று கொண்டு, கவரிமான் என்று எழுதுவார் இன்றும் உளர். மா என்பது விலங்கு, மானன்று. சாமரம் செய்தற்குரிய மயிர் இதன் வாலிலிருந்தே கிடைப்பது. பதிற்றுப்பத்திலே குமட்டூர்க் கண்ணனார், இமயச் சாரலில் உறங்கும் கவரி, பரந்து விளங்கும் அருவியையும் நரந்தம் புல்லையும் கனவிற் காண்பதாகப் பாடியிருக்கிறார். தமிழகத்திலிருந்து இத்துணைத் தொலைவிலுள்ள விலங்கின் கனவையும் அருவியையும் சேர்த்து எண்ணிய அப்புலவர்க்கு இச்செய்தி எவ்வழியாக எட்டியதோ!

முற்காலத்தில் இக்கவரிகளின் முதுகில் ஏறிவந்தது உப்பு. டோல்பாவின் வடபகுதி மக்கள் திபெத்தியப் பீடபூமியின் உப்பை வாங்கிவந்து, தெற்கேயுள்ள தாழ்ந்த மலையூர்களில் தானியத்திற்கு மாற்றுவர். தம் நிலத்து விளைச்சல் ஆண்டு முழுமைக்கும் போதாதாகலின், உப்பே அவர்க்குச் சோறு. 1959-க்குப் பின்னர்த் திபெத்தின் எல்லையில் கட்டுப்பாடுகள் மிகுந்தன. இந்தியாவிலிருந்து மலிவான உப்பும் மலையேறி வந்தது. பண்டமாற்று நலிந்தது. இந்நாளில் அம்மக்கள் பலர்க்கு வருவாய் தருவது, வேனிற்காலத்தில் உயர்ந்த புல்வெளிகளில் மண்ணைக் கிளறித் தேடி எடுக்கும் யார்சாகும்பா என்னும் பொருள். புழுவின் உடலில் பூஞ்சணம் முளைத்து உண்டாவது அது. சீன மருத்துவத்தில் அதற்கு விலை மிகுதி. குழந்தைகளின் கூர்ங்கண் அதனைக் காண்பதற்கு ஏற்றது என்று, அப்பருவத்தில் பள்ளிப் பிள்ளைகளும் மலைக்குச் செல்கின்றனர்.

1973-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஷேலர் என்னும் விலங்கியல் அறிஞர், நீலச் செம்மறி எனப்படும் காட்டாட்டை ஆராய்தற்பொருட்டு இவ்வழியே சென்றார். எழுத்தாளர் பீட்டர் மாத்தீசன் உடன்சென்றார். இருவரும் ஏரியைக் கடந்து, வடக்கே உயர்ந்த கணவாயொன்றில் ஏறி, சே என்னும் மடத்தை அடைந்தனர். அப்பயணத்தைப் பற்றி மாத்தீசன் 1978-இல் வெளியிட்ட நூலுக்குப் பனிச்சிறுத்தை என்று பெயர். வியப்பு யாதெனில், பயணம் முழுவதிலும் அவர் பனிச்சிறுத்தையைக் கண்டதேயில்லை. அடிச்சுவடுகளைக் கண்டார், அவ்வளவே. 1984-இல் ஏரியும் சே மடமும் உள்ளிட்ட 3,555 சதுர கிலோமீட்டர் நிலத்தை நேபாள அரசு காப்புக்காடாக அறிவித்தது. நேபாளத்தின் தேசியப் பூங்காக்களுள் இதுவே பெரியது. 2007-இல் போக்சுண்டோ, உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.

அங்கே செல்லுதற்கு ஏற்ற காலம், மழைக்கு முற்பட்ட வேனிலும், மழைக்குப் பிற்பட்ட புரட்டாசி ஐப்பசியும். அதன்பின் பனி பெய்து வடக்கேயுள்ள கணவாய்கள் அடைபடும். அருவியின் ஓரங்களில் நீர் உறைந்து தூண் தூணாகத் தொங்கும். ரிங்மோ மக்களுட் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு, கவரிகளை ஓட்டிக்கொண்டு, பள்ளத்தாக்கில் தாழ்ந்த இடத்திலுள்ள குளிர்காலக் குடியிருப்புக்கு இறங்குவர். இளவேனில் பிறந்து நிலம் இளகியதும் மீண்டும் ஏறிவந்து, விழுந்த மலையின்மேல் உள்ள வயல்களை உழுது வாற்கோதுமை விதைப்பர்.